“நன்றாகச் சாப்பிடும்” என்று சொல்லி விற்கிற மலைப்பாம்புகள்: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

சின்ன மலைப்பாம்பு வளர்க்கலாமா என்ற யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். விற்றவர் பெயரைப் போடவில்லை. இந்த ஏமாற்று வேலையைச் செய்கிறவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

நான் வாங்கியது பால் பைத்தான், அதாவது பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு. வளர்ந்தாலும் பெரும்பாலும் 5 அடியைத் தாண்டாது, சாது, 20 வருடத்துக்கு மேல் வாழும். அதனால்தான் புதிதாக வளர்ப்பவர்கள் இதைத் தேடுகிறார்கள், ஏமாற்றுகிறவர்களும் இதையே விற்கிறார்கள். விற்றவர் சொன்னது: “பண்ணையில் பொரித்தது, ஒரு வயசுதான், உறைந்த எலி கொடுத்தாலே நன்றாகச் சாப்பிடும்.”

வந்த பாம்பு எலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேட்டால், “இடம் மாறினால் அப்படித்தான், இந்த இனமே மாசக்கணக்கில் பட்டினி கிடக்கும்” என்றார். இதில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல். புதிதாக வந்த பாம்பை ஒரு வாரம் தொடாமல் விட வேண்டும் என்பது சரி. நன்கு வளர்ந்த பால் பைத்தான் இணைசேரும் பருவத்தில் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பதும் சரி. ஆனால் அப்படி இருக்கும் ஆரோக்கியமான பாம்புக்கு எடை அவ்வளவாகக் குறையாது. சமையலறைத் தராசில் வாராவாரம் நிறுத்தேன், குறைந்துகொண்டே வந்தது. முதுகெலும்பு கத்தி விளிம்புபோலத் துருத்திக்கொண்டு நின்றது. அப்போதும் அதே பதில்தான். அப்புறம் இரண்டு யோசனை சொன்னார்: வாயைத் திறந்து எலியைத் திணியுங்கள், இல்லையென்றால் உயிருள்ள எலியை ராத்திரி முழுக்க உள்ளே விட்டுவிடுங்கள். இரண்டையும் செய்யாதீர்கள். ஏற்கெனவே மிரண்டு போன பாம்புக்குத் திணிப்பது இன்னும் கெடுதல். பசித்த எலியோ, சாப்பிடாத பாம்பின் முதுகைக் கடித்துக் குதறிவிடும்.

ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனபோதுதான் குட்டு வெளிப்பட்டது. தாடைக்குக் கீழே, செதிலோடு செதிலாக ஒட்டிப்போய், தட்டையாக ஒரு பழுப்புப் பொட்டு. நான் அதை நிறம் என்றே நினைத்திருந்தேன். அவர் இடுக்கியால் மெல்ல இழுத்ததும் கால்கள் அசைந்தன. உண்ணி! வாலுக்குப் பக்கத்தில் இன்னும் சில. பாம்புப் பேன் வளர்ப்புப் பாம்புகளிடையேயும் பரவும். ஆனால் இப்படி உண்ணி இருந்தால் அது காட்டிலிருந்து வந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும் என்றார். உடம்பில் பழைய தழும்புகள், எச்சத்தில் புழு முட்டைகள் வேறு. ஒரு வயதுக் குட்டியாக இருக்கவே முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

“பண்ணையில் பொரித்தது” என்பதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. கானா, டோகோ, பெனின் நாடுகளில் காட்டிலிருந்து சினைப் பாம்புகளையும் முட்டைகளையும் எடுத்துவந்து, பண்ணையில் பொரிக்க வைத்து, குட்டிகளை ஏற்றுமதி செய்வது பல வருடமாக நடக்கிறது. அவையும் பண்ணையில் பொரித்தவைதான், ஆனால் வளர்ப்புப் பெற்றோருக்குப் பிறந்தவை அல்ல. இந்த இனம், காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், நாடு விட்டு நாடு போக அனுமதிச் சீட்டு வேண்டும். அதில் மூலத்தைக் குறிக்கும் எழுத்தைப் பாருங்கள். டபிள்யூ என்றால் காட்டில் பிடித்தது, ஆர் என்றால் காட்டு முட்டையையோ குட்டியையோ எடுத்து வளர்த்தது, சி என்றால் வளர்ப்பிலேயே இனப்பெருக்கம் செய்தது. நான் சீட்டைக் கேட்டதற்குப் பிறகு பதிலே வரவில்லை.

கூடவே தலையில் கட்டிய ஹீட் பேடை, அதாவது கூண்டைச் சூடாக்கும் மின்விரிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சூட்டைக் கட்டுக்குள் வைக்கும் தெர்மோஸ்டாட் கிடையாது. “செருகினால் போதும்” என்றார்கள். அளந்து பார்த்தால் தரை 45 டிகிரியைத் தாண்டியது. பாம்பு வயிறு வெந்துபோகும் வரை அதன் மேலேயே படுத்துக் கிடக்கும், நகராது. சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27, இரண்டு பக்கமும் உடம்பு ஒட்டி நுழையும் அளவுக்கு ஒரு மறைவிடம் வேண்டும். இது சரியில்லை என்றால் எந்த எலியைக் கொடுத்தாலும் தின்னாது, தின்றாலும் கக்கிவிடும்.

உண்ணியை எடுத்து, புழுவுக்கு மருந்து கொடுத்து, வெப்பத்தைச் சரிசெய்த பிறகுதான் வாயைத் திறந்தது. உறைந்த எலியை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட்டு, வெந்நீரில் 38 டிகிரி அளவுக்குச் சூடாக்கி (மைக்ரோவேவ் வேண்டாம், வெடித்துவிடும்), துடைத்து, இருட்டிய பின் நீள இடுக்கியால் மறைவிட வாசலில் காட்டினேன். பாம்பின் மேலுதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் இருப்பதால் எலியின் தலை சூடாக இருப்பது முக்கியம். பாம்பின் உடம்பில் மிகத் தடித்த இடம் எவ்வளவோ, எலி அவ்வளவு பருமன் இருந்தால் போதும். தின்ற பிறகு இரண்டு நாள் கையில் எடுக்கக் கூடாது.

காசு திரும்பி வரவில்லை. “உயிரோடு வந்து சேரும் என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம்” என்றார்கள். அதனால் காசு கைமாறும் முன்பே கேளுங்கள்: எந்தத் தேதியில் எதைத் தின்றது, எடை எவ்வளவு என்ற குறிப்பு. உங்கள் கண் முன்னால், அல்லது தேதி தெரியும் வீடியோவில், உறைந்த எலியைத் தின்று காட்டச் சொல்லுங்கள். ஒழுங்காக வளர்ப்பவர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். தண்ணீர்க் கிண்ணத்தில் கறுப்புப் புள்ளிகளாகப் பாம்புப் பேன் மிதக்கிறதா, மூச்சில் சத்தமோ வாயில் நுரையோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏற்கெனவே வேறு பாம்பு வைத்திருப்பவர்கள் புதியதைத் தனி அறையில், தனி இடுக்கி, தனிக் கிண்ணத்தோடு குறைந்தது 3 மாதம் வையுங்கள். மலைப்பாம்புகளின் நுரையீரலைத் தாக்கும் நிடோ வைரஸ் சில பாம்புகளில் வெளியே தெரியாமலே இருக்கும். அதற்குச் சோதனை உண்டு, மருத்துவரிடம் கேட்டு எடுத்துவிடுங்கள்.