ஆளுக்கு விலையா, வேலைக்கு விலையா?

தருமபுரியில் முடி வெட்ட சலூனில் ஒரு ரேட், பியூட்டி பார்லரில் அதைவிடக் கூடுதல். நீள முடியை அலசி, சிக்கெடுத்து, கிளிப் போட்டு அடுக்கடுக்காக வெட்ட நேரம் பிடிக்கும், சரி. ஆனால் காதளவு கிராப் வைத்த பெண்ணுக்கும் ‘லேடீஸ் கட்’ விலையே. தோள்வரை வளர்த்த பையனுக்கு ஆம்பளை விலை. இது எந்த ஊர்க் கணக்கு?

இன்னொரு வழி, வேலைக்கு விலை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1995-லேயே இதற்குச் சட்டம் போட்டார்கள். முடிவெட்டு, சலவை, தையல் எதிலும் ஆணா பெண்ணா என்று பார்த்து விலை வைக்கக்கூடாது. நேரமோ சிரமமோ செலவோ கூடினால் கூட்டி வாங்கலாம். நம் தெரு இஸ்திரி வண்டியிலும் சட்டைக்கு ஒரு விலை, பட்டுப்புடவைக்கு ஒரு விலைதான். யார் உடுத்துவது என்று கேட்பதில்லை.

என் ஓட்டு இதற்கே. பார்லரில் ஏசி, தனி அறைச் செலவு உண்டு என்பார்கள். இருக்கட்டும், முடி நீளத்தோடு அதையும் சேர்த்து போர்டில் எழுதி மாட்டட்டுமே.