குமிழுக்கு டைமர், ரோலருக்கு இன்டரப்ட்

தேயிலை பெக்டரியில் ரோட்டரி என்கோடர் (தண்டு சுழல்வதை ஏ, பீ என்ற இரண்டு வயரில் பல்ஸாகச் சொல்லும் கருவி) வைக்க இரண்டு இடம் உண்டு: கொழுந்து வாட்டும் ஃபேனின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ், ரோலர் எத்தனை சுற்று ஓடியது என்று எண்ணும் தண்டு. இரண்டுக்கும் ஒரே புரோகிராமைப் போட்டால் ஒன்று கட்டாயம் பிழையாக எண்ணும்.

ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் எல்லோரும் முதலில் எழுதுவது, ஏ வயரில் மட்டும் இன்டரப்ட் (வயர் மாறிய கணமே மற்ற வேலையை இடைநிறுத்தி ஓடும் கோட்) வைத்து, அது இறங்கும்போது பீ-யைப் பார்த்துத் திசை சொல்லும் கோட். சின்னதுதான், ஆனால் வேண்டாம். குமிழின் உள்ளே தொடுமுனை ஒட்டுமுன் துள்ளும். ஏ இறங்கி, ஏறி, மறுபடி இறங்கும்; பீ அசையவே இல்லை. ஆகவே இரண்டு இறக்கமும் ஒரே திசையில் கூடும், ஒரு கிளிக்குக்கு இரண்டு காட்டும். ஆப்டிகல் என்கோடருக்குத் துள்ளல் இல்லை, ஆனால் நிறுத்திய ரோலர் பக்கத்து மெஷினின் அதிர்வில் விளிம்பிலேயே (வயர் ஏறும் அல்லது இறங்கும் இடத்திலேயே) ஆடினால், ஓடாத ரோலரின் கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

மருந்து, 16 இட அட்டவணை. பழைய ஏ-பீ நிலையை இரண்டு பிட் இடப்பக்கம் தள்ளி, புதிய நிலையைச் சேர்த்து அட்டவணையில் பாருங்கள்:

0, -1, 1, 0, 1, 0, 0, -1, -1, 0, 0, 1, 0, 1, -1, 0

துள்ளினால் கூட்டியதே கழிந்துவிடும். இந்த அட்டவணையை, குறித்த இடைவெளியில் ஓடும் டைமரிலிருந்து அழைப்பதா, வயர் மாறும்போது ஓடும் இன்டரப்டிலிருந்து அழைப்பதா என்பதில்தான் போட்டி.

குமிழுக்கு டைமரே போதும். ஒரு சுற்றுக்குக் கிளிக் 20, விளிம்பு 80. செக்கனுக்கு மூன்று சுற்று திருகினாலும் 240 விளிம்புதான், 1 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை பார்த்தால் தவறாது. டைமர் 2-இன் கடிகாரத்தை 64-ஆல் வகுத்து, 249 வரை எண்ணி மறுபடி 0-இலிருந்து தொடங்க விடுங்கள். 3, 11 பின்களின் பிடபிள்யூஎம்மும் (பல்ஸ் அகலத்தால் அளவைக் கூட்டிக் குறைப்பது) டோனும் (ஒலி எழுப்பும் கட்டளை) அதோடு போய்விடும். நுவரெலியாப் பனியில் முனை மங்கித் துள்ளல் கூடினால், பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 10 நானோஃபாரட் கபாசிட்டர் வையுங்கள்.

ரோலர் வேறு கதை. சுற்றுக்கு 600 பல்ஸ் என்கோடர், பல்ஸுக்கு நான்கு விளிம்பு, நிமிடத்துக்கு 45 சுற்று என்று வைத்தால் செக்கனுக்கு 1800 விளிம்பு. டைமர் பாதிக்கு மேல் கோட்டைவிடும். இங்கே 2, 3 பின்கள் இரண்டிலும், ஏற்றம் இறக்கம் இரண்டுக்கும் இன்டரப்ட் போடுங்கள். ஒவ்வொன்றும் 10 மைக்ரோசெக்கன் தின்றாலும் நேரத்தில் நூற்றுக்கு 2 கூடப் போகாது. எண்ணிக்கை மாறியை வோலட்டைல் (ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே வாசிக்கும் வகை) ஆக்குங்கள். லூப்பில் வாசிக்கும் கணம் இன்டரப்டை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பாதி பழைய, பாதி புதிய பைட் வரும். என்கோடர் ஓப்பன் கலெக்டர் (வயரைக் கிரவுண்டுக்கு மட்டுமே இழுக்கும் வகை) என்றால் ஒவ்வொரு வயருக்கும் மேலே இழுக்க 4.7 கிலோஓம் புல்-அப் ரெசிஸ்டர் வேண்டும்.

அதே போர்டில் டிஎச்டி22 ஈரப்பத சென்சாரையும் மாட்ட ஆசை வரும். அதன் லைப்ரரிகள் சில, வாசிக்கும் சுமார் 4 மில்லிசெக்கனும் இன்டரப்டை அடைத்துவைக்கும். ஏழு விளிம்பு அப்படியே போய்விடும். அதற்கும், நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டர் தண்டிலேயே என்கோடர் பூட்டுவதற்கும், இஎஸ்பி32 என்ற வேறு மைக்ரோகண்ட்ரோலரில் உள்ள, தானாகவே எண்ணும் பல்ஸ் கவுண்டரே சரி. அதன் ஃபில்டர் 13 மைக்ரோசெக்கனைத் தாண்டாது என்பதால், துள்ளும் குமிழை அதில் மாட்டிவிட்டு ஃபில்டரை நம்ப வேண்டாம்.