ராம்பனில் லாரி நின்றால்: சொந்த அடுப்பா, தாபாவா?

நாமக்கல் வழியாகப் போகும் அதே 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் ஸ்ரீநகருக்கும் போகிறது. ஜம்முவுக்கும் ஸ்ரீநகருக்கும் நடுவில், மலைப்பாதையில் இருக்கும் ராம்பன், பனிஹால் பக்கம் மண் சரிந்தால் லாரிகள் நாள்கணக்கில் நிற்கும்.

தாபாவை நம்பினால் சமைக்கும் வேலை இல்லை. ஆனால் கடையே இல்லாத வளைவில் மாட்டினால் பிஸ்கட்தான். கடை தூரத்தில் இருந்தால் சரக்கை விட்டுவிட்டு நடக்க வேண்டும்.

அடுப்பு, அரிசி, பருப்பு, இரண்டு கேன் தண்ணீர் இருந்தால் அந்தக் கவலை இல்லை. சூடாக ரசம் சோறு கிடைப்பதே பாதி தெம்பு! கேபினுக்குள் மட்டும் பற்றவைக்கக் கூடாது. குளிருக்காகக் கதவை மூடிக்கொண்டு எரியவிட்டால் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். பஞ்சு லோடு என்றால் அடுப்பே வேண்டாம், அவலும் கடலையும் போதும்.

மற்றபடி என் ஓட்டு அடுப்புக்குத்தான். ஜம்மு வரை தாபாவில் சாப்பிடலாம். உதம்பூரைத் தாண்டுவதற்குள் தண்ணீரையும் டீசலையும் நிரப்பிவிட வேண்டும்.