இன்செக்ட் கலெக்‌ஷன் செட்: வலை சரி, ஊசி சரியில்லை

கல்லூரி திறக்கும் சமயத்தில் நாகர்கோவிலில் லேப் சாமான் விற்கும் கடைகளில் ‘இன்செக்ட் கலெக்‌ஷன் செட்’ கேட்டால் ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து வைப்பார்கள். உள்ளே வலை, பிடித்த பூச்சியைக் கொல்லும் கில்லிங் பாட்டில், இறகை விரித்துக் காயவைக்கும் ஸ்பிரெட்டிங் போர்டு, ஊசி டப்பா, லேபிள் அட்டை, கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டி இருக்கும். கம்பெனி பெயர் எதுவும் இருக்காது. ரெக்கார்டு மார்க் வாங்கினால் போதும் என்றால் செட்டாகவே வாங்கிக்கொள்ளலாம். எம்.எஸ்சி. பூச்சியியல் வரை போகும் எண்ணம் உண்டென்றால் இதில் வலையும் போர்டும் மட்டும் வாங்கினால் போதும்.

வலை உருப்படியானது. வளையத்தின் விட்டம் 30 செ.மீ., பையின் ஆழம் அதைப் போல இரு மடங்கு. ஆழம் இருந்தால்தான் பூச்சி விழுந்ததும் கைப்பிடியைத் திருப்பி, பையை வளையத்தின் மேல் மடித்துப் போட்டு வாயை அடைக்க முடியும். ஆனால் இது பட்டாம்பூச்சிக்கும் தும்பிக்குமான வலை. நாஞ்சில் நாட்டு வயலில் நெற்பயிர் மேல் வீசி அள்ளினால் நைலான் இழை சீக்கிரம் கிழியும். அதே வளையத்துக்குக் காடாத் துணியில் ஒரு பை தைத்து மாட்டுங்கள்.

ஸ்பிரெட்டிங் போர்டும் குறை சொல்லும்படி இல்லை. முன்னிறகின் பின்விளிம்பு உடலுக்குச் செங்குத்தாக நிற்கும்படி இழுத்து, காகிதப் பட்டையால் அழுத்தி, ஒரு வாரம் காயவிட வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு வாரம்.

கோளாறே ஊசியில்தான். பூச்சிக்கான ஊசி ஏறக்குறைய 38 மி.மீ. நீளம் இருக்கும்; 000 முதல் 7 வரை பருமன் எண் உண்டு. பெரும்பாலான பூச்சிகளுக்கு 2, 3 போதும். செட்டில் இருப்பது பித்தளை ஊசி, அதுவும் ஒரே பருமன். தென்னையில் பிடித்த சிவப்புக் கூன்வண்டின் இறக்கை ஓட்டில் அதை வைத்து அழுத்தினால் ஊசி வளைகிறது, ஓடு துளைபடுவதில்லை. காண்டாமிருக வண்டில் இறங்கிவிட்டாலும் நிம்மதி இல்லை. உடம்பிலுள்ள கொழுப்பு பித்தளையில் இருக்கும் செம்போடு சேர்ந்து ஊசியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு கிளம்பும். நாளடைவில் அது வண்டையே பிளக்கும். சாதாரண இரும்புக் குண்டூசி கடற்காற்றில் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊசியைத் தனியாகத் தருவித்துக்கொள்வதே வழி.

வண்டுக்கு ஊசி குத்தும் இடம் வலப்பக்க இறக்கை ஓட்டின் முன்பகுதி; பட்டாம்பூச்சிக்கு மார்பின் நடு. பூச்சிக்கு மேலே ஊசி 1 செ.மீ. நீண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் விரலால் பிடிக்க இடமிருக்காது. நெல்லில் சாறு உறிஞ்சும் புகையான் போன்ற பொடிப் பூச்சிக்கு ஊசியே கூடாது. முக்கோணமாக வெட்டிய அட்டை நுனியில் பசை தொட்டு ஒட்ட வேண்டும். அந்த அட்டை செட்டில் இல்லை. அசுவினி, கறையான், புழு எல்லாம் 70 சதவீத ஆல்கஹாலுக்குப் போக வேண்டியவை. அதற்கான குப்பிகளும் இல்லை.

கில்லிங் பாட்டிலைத் தொடாமல் விடுவது நல்லது. கெட்டியான, உடையக்கூடிய பிளாஸ்டிக் அது. பாலிஸ்டைரீன் என்றால், பூச்சியைக் கொல்ல விடும் எத்தில் அசிடேட் பட்டதும் வெளுத்து விரிசல் விடும். வாயகன்ற கண்ணாடி பாட்டிலில் 2 செ.மீ. உயரத்துக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி, நன்றாகக் காய்ந்த பிறகு எத்தில் அசிடேட் விட்டு, ஊறியது போக மிச்சத்தை வடித்துவிடுங்கள். பெரிய வண்டை இரவு முழுக்க உள்ளேயே வைக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் ஊசியில் இருந்தபடியே காலை ஆட்டும்.

பெட்டியைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. பதப்படுத்தாத ரப்பர் மரம். அதைத் துளைத்து மாவாக்கும் வண்டுகள் நம் ஊரில் ஏராளம். பூச்சிப்பெட்டியைப் பூச்சி அரிப்பதைப் பார்க்கலாம். அடியில் தெர்மகோல் வேறு. நாப்தலீன் உருண்டை போட்டால் அது இளகிக் குழியும். தச்சுப் பட்டறையில் நன்கு உலர்ந்த ஆஞ்சிலிப் பலகையில், மூடி இறுக்கமாகப் பொருந்தும்படி செய்யச் சொல்லி, அடியில் பாலிஎத்திலீன் ஃபோம் ஒட்டுங்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் என்பதால் சிலிக்கா ஜெல் இல்லாமல் பூஞ்சை பிடிக்கும்.

லேபிள் அட்டையில் வரிசை, குடும்பம், பெயர் எழுத இடம் இருக்கிறது; பிடித்த இடத்துக்கும் தேதிக்கும் இடம் இல்லை. பெயரைப் பத்து வருடம் கழித்தும் கண்டுபிடிக்கலாம், இடத்தையும் தேதியையும் முடியாது. “திருப்பதிசாரம், நெல், இலை மேல்” என்ற குறிப்பு, தேதி, பிடித்தவர் பெயர் மூன்றும் ஊசியிலேயே இருக்க வேண்டும். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதினால் நாளோடு குழம்பாது. பெங்களூருவில் பூச்சிகளை ஆராயும் என்.பி.ஏ.ஐ.ஆர். போன்ற இடங்களில் வகைப்பாட்டு வேலைக்குப் போகிறவருக்கு இது அரிச்சுவடி. தூத்துக்குடியில் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் வேலை என்றால் தானியச் சரக்கில் வந்த வண்டு, தானியத்தை அரிக்கும் கப்ராவா இல்லையா என்று சொல்லத் தெரிய வேண்டும். விலங்கியல் படித்தவர்கள் புதுச்சேரியில் நோய் பரப்பும் பூச்சிகளை ஆராயும் வி.சி.ஆர்.சி.யில் பொதுசுகாதாரப் பூச்சியியல் எம்.எஸ்சி. சேரலாம், அங்கே கொசுதான் பாடம், இந்தத் தடித்த ஊசிக்கு வேலையே இல்லை. மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்க்க நினைப்பவர்களுக்கோ செட்டே தேவையில்லை. அந்தக் காசை நியூட்டன் தேனீப் பெட்டிக்கு ஒதுக்கலாம்.

எந்த வலையானாலும் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் வீசக் கூடாது.

தனித்தனியாகத் தர மாட்டோம் என்று கடையில் சொன்னால் சீனியர்களிடம் பழைய பெட்டி கேட்டுப் பாருங்கள். வாங்கியதும் அடிப்பக்கத்தில் பழுப்புத் தூள் உதிர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் காய்ந்த பூச்சியைத் தின்னும் அந்த்ரீனஸ் வண்டின் புழு உள்ளே இருக்கிறது. பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் சுற்றி, இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்து, வெளியே எடுத்தபின் பெட்டியின் குளிர் முழுக்கத் தணிந்த பிறகே பையைப் பிரிக்க வேண்டும். முன்னதாகப் பிரித்தால் ஈரம் பூச்சிகளின் மேல் படியும்.