மண்பாண்டத்தில் வெள்ளைப் படலம்: பேரியமா, கழுவலா, காவியா?

சுட்டெடுத்த செம்மண் பானையின் விளிம்பிலும் கைப்பிடியிலும் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால், அது பெரும்பாலும் கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம். மண்ணிலோ போர் தண்ணீரிலோ இருக்கும் இது, பானை உலரும்போது ஈரத்தோடு மேலே ஏறி, ஈரம் ஆவியாகும் இடத்தில் தங்கிவிடுகிறது. பச்சைப் பானையில் அவ்வளவாகத் தெரியாது. சுட்டபின் சிவப்பின் மேல் பளிச்சென்று தெரியும்.

மிக உறுதியான மருந்து பேரியம் கார்பனேட்தான். ஜிப்சத்தோடு சேர்ந்து பேரியம் சல்பேட்டாகவும் கால்சியம் கார்பனேட்டாகவும் மாறிவிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஜிப்சம் 2 கிராமுக்கு மேல் கரையும். பேரியம் சல்பேட் சில மில்லிகிராம்தான். கரையாதது மேலே ஏறாது. உலர்ந்த மண் 100 கிலோவுக்கு 200 முதல் 800 கிராம் வரை போடுவது வழக்கம். ஆனால் இந்தப் பொடியே தண்ணீரில் லேசில் கரையாது. பிசைந்த மண்ணில் தூவிப் பயனில்லை. தண்ணீரில் கலக்கி, கூழாக இருக்கும் மண்ணில் சேர்த்து ஊறவிட வேண்டும்.

சரி, எல்லோரும் இதையே போடலாமே? இது எலி மருந்தாகப் பயன்பட்ட பொருள். எக்ஸ்ரேக்கு முன் குடிக்கத் தருவது பேரியம் சல்பேட். அது கரையாததால் உடம்பில் சேராது. கார்பனேட்டோ வயிற்று அமிலத்தில் கரைந்து விஷமாகும். ஓட்டுக்கும் சிலைக்கும், முகக்கவசத்தோடு வேலை செய்யும் பட்டறையில், நான் இதைத்தான் சொல்வேன். தண்ணீர்ப் பானைக்கும் சட்டிக்கும் வேண்டாம். பிள்ளைகள் மண் பிசையும் இடத்தில் அந்தப் பாக்கெட்டே இருக்கக் கூடாது.

அங்கெல்லாம் மண்ணைக் கழுவுவதுதான் சரி. கரைத்து, தெளியவிட்டு, மேல்நீரை இறுத்துவிட்டு, மறுபடி கரைக்க வேண்டும். சோடியம் உப்புகள் சீக்கிரம் போய்விடும், ஜிப்சம் மெதுவாகத்தான் போகும். தொட்டியும் பொறுமையும் வேண்டும். அதைவிட முக்கியம், மழைத்தண்ணீர் வேண்டும். உப்புப் போர் தண்ணீரில் கழுவினால் போனது திரும்பி வரும்.

காவி பூசி மறைப்பதை நான் நம்புவதில்லை. ஈரப் பானையில் பூசினால் உப்பு அதையும் தாண்டி வந்துவிடும். விளிம்பைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, ஈரத்தை வேறு பக்கம் போகவிடுவது மேல். உப்பு போகாது, கண்ணில் படாத இடத்துக்கு மாறும். நாலைந்து பானைக்கு அது போதும்.

சூட்டை ஏற்றுவது செம்மண்ணுக்கு உதவாது. கால்சியம் சல்பேட் தனியாகச் சிதைய 1200 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போக வேண்டும். அதற்குள் பெரும்பாலான செம்மண் உருகிச் சரிந்துவிடும். அப்புறம், சுட்ட பானையை வினிகரில் தேய்ப்பது: சுண்ணாம்புக் கறை என்றால் போகும், சல்பேட் அசையாது.