மின் ஸ்கூட்டர்: மூன்றாவது ஆண்டில் தெரிகிற கணக்கு

2023 மே மாதக் கடைசியில் அவசரமாக வாங்கிய வண்டி இது. மின் வாகனங்களுக்கு மத்திய அரசு தந்த ஃபேம் 2 மானியம், ஜூன் 1 முதல் பேட்டரிக் கொள்ளளவில் ஒரு கிலோவாட் மணிக்கு (ஒரு யூனிட்டுக்கு) 15,000 ரூபாயிலிருந்து 10,000 ஆகக் குறைந்தது. உச்சவரம்பும் வண்டி விலையில் 40 சதவீதத்திலிருந்து 15 ஆகச் சுருங்கியது. ஷோரூமில் அன்று தீபாவளிக் கூட்டம்.

ஓட்டுவதில் குறையே இல்லை. வேளச்சேரி நெரிசலில் சத்தமும் சூடும் இல்லாமல் நகர்வது தனிச் சுகம். ஆக்சிலரேட்டரைத் தளர்த்தினாலே வேகம் குறைந்துவிடுவதால் பிரேக்கைத் தொடும் வேலையும் குறைவு. பேட்டரி 3 கிலோவாட் மணி. புதிதில் ஒரு முழு சார்ஜில் 90 கிலோமீட்டர் ஓடியது, இப்போது 80-ஐ ஒட்டி நிற்கிறது. விளம்பரத்தில் சொன்ன தூரம் ஒருநாளும் கிடைத்ததில்லை. அந்தத் தூரத்தை அளக்கும் சோதனையில் யாரும் மனைவியையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறுவதில்லையே! முழு சார்ஜுக்கு மூன்றரை யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்றே வைத்தாலும் முப்பது ரூபாய்க்குள் அடங்கும். அதே தூரத்துக்குப் பெட்ரோல் வண்டி 180 ரூபாயாவது கேட்கும்.

மின் வாகன விவாதங்களில் எல்லோரும் ரேஞ்சையும் விலையையும் பேசுகிறார்கள். எனக்குத் தலைவலியாக இருந்தது பிளக் பாயின்ட். எங்கள் அடுக்குமாடியில் மீட்டர் பெட்டி ஒரு மூலை, என் பார்க்கிங் இன்னொரு மூலை. என் மீட்டரிலிருந்து ஒயர் இழுக்கச் சங்கத்தின் சம்மதம் வாங்க மாதக்கணக்கானது. 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்துத் தந்தையும் மகளும் இறந்ததைக் கூட்டத்தில் ஒருவர் எடுத்துச் சொன்னார். அந்தப் பயத்தை அலட்சியம் செய்ய முடியாது. பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 விதிகள் பிறகு இறுக்கப்பட்டதைச் சொன்னேன். தனி ஒயர், எர்த், எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), 16 ஆம்பியர் சாக்கெட் எல்லாம் என் செலவு என்று எழுதிக் கொடுத்த பிறகே கையெழுத்து விழுந்தது. மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் இளைஞருக்கு அந்த வழியும் இல்லை. வீட்டுக்காரர் மறுத்துவிட்டார், அவர் இன்னும் பெட்ரோல்தான். மானியம் வண்டிக்குக் கிடைத்தது, சாக்கெட்டுக்கு யார் தந்தார்கள்? தைவானில் கோகோரோ நிறுவனம் 2015 முதலே தீர்ந்த பேட்டரியைக் கொடுத்து நிறைந்ததை எடுத்துக்கொள்ளும் நிலையங்களை நடத்துகிறது. மாடி வீடுகள் நெருங்கிய சென்னைக்கு அதுதான் பொருந்தும் என்பது என் கட்சி.

சர்வீஸ் சுமார். ஒரு சென்சாருக்காக வண்டி மூன்று வாரம் நின்றது. தெருமுனை மெக்கானிக் இதில் கைவைக்க மாட்டார். தனி வீடும் சொந்த மீட்டரும் இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். மற்றவர்கள் ஷோரூமுக்குப் போகுமுன் சங்கச் செயலாளரையோ வீட்டுக்காரரையோ பார்த்துவிடுங்கள்.