ஃபுட் வாக் என்று 6,400 ரூபாய் வாங்கிக்கொண்டு நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சென்னைக்காரர்கள் தயவுசெய்து படிக்கவும்

இன்று காலை என் மகள் போனை நீட்டினாள். "அம்மா, தாத்தா போட்டோ பாரு." என் அப்பா கையில் தொன்னையோடு நின்று ஜிலேபியைப் பிய்த்துக்கொண்டிருக்கும் படம். கீழே "எங்கள் மகிழ்ச்சியான விருந்தினர்கள்" என்று எழுதி, வருகிற சனிக்கிழமைக்கு இன்னும் நாலு இடம்தான் பாக்கி என்று போட்டிருக்கிறார்கள்.

எங்களிடம் 6,400 ரூபாய் வாங்கிக்கொண்டு பாதி வழியில் காணாமல் போன அதே ஆட்கள். பத்து நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். எங்களைக் கேட்காமல் அப்பாவின் முகத்தை வைத்தே அடுத்த ஆளைப் பிடிக்கிறார்கள் என்று பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. பழைய சென்னைத் தெருக்களின் சாப்பாட்டுக் கடைகளைச் சுற்றிக்காட்டுகிறோம் என்று ரீல்ஸ் போட்டு ஆள் சேர்க்கும் ஒரு பக்கம், அவ்வளவுதான் சொல்கிறேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, இப்படிப்பட்ட இடத்தில் பணம் கட்டும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நாங்கள் தண்டையார்பேட்டை. அப்பாவுக்கு 73 வயது. ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சௌகார்பேட்டையும் பாரிமுனையும் அவருக்கு உள்ளங்கை மாதிரி. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. எனக்கோ பக்கத்து ஏரியா என்றுதான் பெயர், துணி எடுக்கவும் பாத்திரம் வாங்கவும் போவதைத் தவிர உள்தெரு ஒன்றும் தெரியாது. மின்ட் தெருவில் புதிதாக என்னென்னவோ கடைகள் வந்திருக்கின்றன, மகள் வாரம் ஒரு வீடியோ காட்டுவாள்.

அப்பாவுக்கு ஆசை எல்லாம் ஒன்றுதான். செகண்ட் லைன் பீச் தெருவில் நின்று ஒரு பிளேட் அத்தோ சாப்பிட வேண்டும். ஆரஞ்சு நிற நூடுல்ஸைக் கையாலேயே அள்ளிப் போட்டு, முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, மேலே தட்டை மாதிரி மொறுமொறுவென்று இருக்கும் பேஜோவை நொறுக்கித் தூவிக் கொடுப்பார்கள். கூடவே ஒரு கிண்ணம் சுடச்சுட வாழைத்தண்டு சூப். வேலை முடிந்து வரும்போது கூட்டாளிகளோடு நின்று சாப்பிட்டதைச் சொல்லிச் சொல்லி எங்களுக்கே வாயில் எச்சில் ஊறும். அவர் பிறந்தநாளுக்கு இதைச் செய்யலாம் என்று நினைத்தேன்.

அந்தப் பக்கத்தில் போட்டிருந்தது இதுதான்: மூன்று மணி நேரம், எட்டுக் கடை, குழுவுக்கு எட்டுப் பேருக்கு மேல் கிடையாது, சாப்பாடு எல்லாம் கட்டணத்திலேயே அடக்கம், கடைக்காரர்களோடு உட்கார்ந்து பேசலாம், கடைசியாக பர்மா அத்தோ. தலைக்கு 1,600 ரூபாய். அப்பா, நான், வீட்டுக்காரர், மகள். மொத்தம் 6,400.

எங்களுக்கு 6,400 ரூபாய் சின்னத் தொகை இல்லை. ஒரு மாத மளிகை. அதனால்தான் நேரடியாக போன் போட்டுப் பேசினேன். எடுத்த பையன் அவ்வளவு மரியாதையாகப் பேசினான். "அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆயிருக்கு தம்பி, ரொம்ப நேரம் நிக்க முடியாது, அதான் யோசிக்கிறேன்" என்றேன். ஒரு நொடி கூட எடுத்துக்கொள்ளவில்லை. "அக்கா, நீங்க கவலையே படாதீங்க. ஒவ்வொரு கடையிலயும் அப்பாவுக்குன்னு ஒரு சேர் போட்டு வைக்கச் சொல்லிடறேன். எங்க தாத்தாவுக்கும் இதே முட்டிப் பிரச்சனைதான்க்கா, எனக்குத் தெரியாதா?"

அந்த நாற்காலி ஒன்றுக்காகத்தான் பணம் போட்டேன். வேறு எதற்கும் இல்லை.

ஸ்கேன் செய்தபோது நிறுவனப் பெயர் வரவில்லை, யாரோ ஒரு ஆளின் பெயர் வந்தது. கேட்டேன். "எங்க பார்ட்னர்தான்க்கா, கம்பெனி அக்கவுண்ட்ல லிமிட் முடிஞ்சிடுச்சு." ஜிஎஸ்டி சேர்த்துத்தான் 1,600 என்று போட்டிருந்தார்களே, பில் எங்கே என்றேன். "வாக் அன்னிக்குக் கையிலயே குடுத்துடறோம்க்கா." அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் என் மனசு முழுக்க அப்பா அத்தோ சாப்பிடுவதுதான் இருந்தது. அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மின்ட் மணிக்கூண்டு பக்கம் வரச் சொன்னார்கள். நாலே முக்காலுக்கே போய் நின்றோம். போனில் பேசிய பையன் வரவில்லை. வேறு ஒருவன் ஐந்து நாற்பதுக்கு வந்தான். அதற்குள் காத்திருந்தவர்களை எண்ணிப் பார்த்தேன், எங்களையும் சேர்த்து 22 பேர். எட்டுப் பேர் என்றது என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "வீக்எண்ட் மேடம், ரெண்டு பேட்ச்சை மெர்ஜ் பண்ணிட்டோம்" என்று சொல்லிக்கொண்டே நடக்க ஆரம்பித்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் தங்கசாலைத் தெரு, அதான் மின்ட் தெரு, எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். தள்ளுவண்டி, மீன்பாடி வண்டி, மூட்டை தூக்குகிறவர்கள், ஹாரன் அடித்துக்கொண்டே நுழையும் பைக்குகள். அவன் முன்னால் விடுவிடுவென்று போகிறான். 22 பேரும் பின்னால் ஓட்டம். அப்பா என் வீட்டுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

முதல் கடையில் ஜிலேபி, இரண்டு பேருக்கு ஒரு தொன்னை. பாதாம் பால் அரை கப். இரண்டாவது கடையில் முறுக்கு சாண்ட்விச். கைமுறுக்கு அளவு கூட இல்லாத குட்டி முறுக்குகளுக்கு நடுவில் வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி வைத்துக் கொடுப்பார்கள். அருமையான சாமான், கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். இதுவும் இரண்டு பேருக்கு ஒரு பிளேட்தான். நாற்காலி? இரண்டு கடையிலும் இல்லை. சொல்லி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டால் அவனுக்கு அப்படி ஒரு விஷயமே தெரியவில்லை. படம் எடுப்பதில் மட்டும் குறையே வைக்கவில்லை. "சார், தொன்னையைக் கொஞ்சம் மேல தூக்குங்க சார், சிரிங்க சார்." அந்தப் படம்தான் இன்று காலை பார்த்தது.

நடுவில் பர்மா சாப்பாடு பற்றி ஏதோ சொன்னான். இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்கள் கொண்டு வந்தது என்றான். அப்பா பொறுக்க முடியாமல், "இல்ல தம்பி, 1962ல அங்க நே வின் ராணுவ ஆட்சி வந்துச்சு. 64ல நம்மாளுங்க கடை கண்ணி எல்லாத்தையும் அரசாங்கம் எடுத்துக்கிச்சு. கட்டின துணியோட கப்பல்ல வந்து இங்க இறங்கினாங்க. நான் சின்னப் பையன், பார்த்திருக்கேன். 69லதான் பர்மா பஜார் வந்துச்சு. அவங்க கொண்டாந்ததுதான் அத்தோ" என்றார். கூட இருந்தவர்கள் எல்லாரும் அப்பாவைச் சுற்றி நின்று கேட்டார்கள். அவன் "ஓகே சார், டைம் ஆகுது" என்று நகர்ந்துவிட்டான்.

மூன்றாவது ஒரு குறுக்குச் சந்தில் கச்சோரி சாட் கடை. வயதான ஒருவரும் அவர் மகனும் நடத்துகிறார்கள். "அண்ணா, 22 பிளேட் போடுங்க" என்று சொன்னான். தட்டுகள் வர ஆரம்பித்ததும் போனைக் காதில் வைத்துக்கொண்டு சந்து முனைக்குப் போனான். அதோடு சரி. இருபது நிமிடம் நின்றோம். ஒருவர் கூப்பிட்டுப் பார்த்தார், சுவிட்ச் ஆஃப். நான் பதிவு செய்த எண்ணுக்கு அடித்தேன், யாரும் எடுக்கவில்லை.

கடைக்காரர் மெதுவாக வந்து பணம் கேட்டார். "அந்தத் தம்பி யாருன்னே எனக்குத் தெரியாதும்மா. 22 பிளேட்டுன்னாரு, போட்டேன்." எட்டுக் கடைக்காரர்களோடும் பேசி வைத்திருக்கிறோம் என்று சொன்னவர்கள், இவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிளேட் 70 ரூபாய், மொத்தம் 1,540. ஆளாளுக்கு அவரவர் பங்கைக் கொடுத்தார்கள். ஆறு பேர் "நாங்க ஏற்கனவே பணம் கட்டிட்டோம்" என்று கோபமாகக் கிளம்பிவிட்டார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. பெரியவர் கல்லாவில் சில்லறையைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார். அப்பா சட்டைப் பையில் கை விட்டு எங்கள் 280ஐயும், குறைந்த 420ஐயும் சேர்த்து 700 ரூபாயை அவர் கையில் வைத்தார். நான் தடுக்கப் போனேன். "அவர் என்னம்மா பண்ணுவாரு, அவர் உழைப்பு" என்றார்.

அந்தப் பெரியவர் உள்ளே போய்த் தான் உட்காரும் பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கி வந்து, துண்டால் துடைத்து, அப்பா முன்னால் போட்டார். அன்றைக்கு அப்பா உட்கார்ந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

அத்தோ இல்லை. அவருக்கு முட்டி வீங்கிவிட்டது. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம்.

அன்று இரவே அந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். மறுநாள் மதியம் பதில் வந்தது: "சாரிக்கா, கைடுக்கு ஃபேமிலி எமர்ஜென்சி." சரி, பணத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்றேன். "பைனான்ஸ் டீம் பார்க்கும், 7 வேலை நாள்." மூன்றாவது நாள் கேட்டேன், நீலக் கோடு வந்தது, பதில் இல்லை. ஐந்தாவது நாள் வேறு எண்ணிலிருந்து ஒரு பெண் பேசினாள். "மேடம், நீங்க மூணு ஸ்டாப் சாப்ட்டிருக்கீங்களே, ஃபுல் ரீஃபண்ட் பாலிசில இல்ல." அந்த மூன்றில் ஒன்றுக்கு எங்கள் அப்பா பணம் கொடுத்தார் என்றேன். "அது உங்க விருப்பம் மேடம்" என்றாள். அடுத்த வாக்கில் இருபது சதவீதம் தள்ளுபடி தருகிறோம், பாதிப் பணம் இப்போது கட்டினால் இடம் உறுதி என்றாள். 6,400 ரூபாயை இழந்தவளிடம் இன்னும் பணம் கேட்கிறார்கள்! எட்டாவது நாள் முகப்புப் படம் மறைந்துவிட்டது. தடை செய்துவிட்டார்கள். அவர்கள் பக்கத்தில் நடந்ததைக் கருத்தாகப் போட்டேன், பத்து நிமிடத்தில் அழித்துவிட்டார்கள்.

6,400 போனது போகட்டும் என்று சொல்கிறார்கள் வீட்டில். போகட்டும் என்று எப்படி விடுவது? 22 பேர், தலைக்கு 1,600 என்றால் ஒரே சாயங்காலத்தில் 35,200 ரூபாய். அதில் அந்தக் கச்சோரிக் கடைக்கு ஒரு ரூபாய் போகவில்லை.

சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடித்து விவரம் பதிவு செய்தேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் கொடுத்தேன். விளம்பரப் படம், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். சொன்ன சேவையைத் தராமல் விடுவது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. இத்தனை சிறிய தொகைக்கு மாவட்ட ஆணையத்தில் மனுக் கட்டணமும் கிடையாது. போகத்தான் போகிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. சுருக்கமாக: ஸ்கேன் செய்யும்போது தனி ஆள் பெயர் வந்தால் அனுப்பாதீர்கள், என்ன காரணம் சொன்னாலும். பில் முதலில், பணம் பிறகு. எந்தெந்தக் கடை என்று பெயர் கேளுங்கள், ஒரு கடைக்காவது நேரில் போய் "இவங்களைத் தெரியுமா" என்று விசாரியுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். பணம் போய்விட்டால் என்னைப் போல நாள் கடத்தாமல் அன்றைக்கே 1930க்குக் கூப்பிடுங்கள். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் மண்ணடி மெட்ரோவில் இறங்கி நீங்களே மெதுவாகப் போங்கள். 6,400 ரூபாய்க்கு அந்தத் தெருவில் ஒரு குடும்பம் எத்தனையோ நாள் வயிறாரச் சாப்பிடலாம்.

அன்றைக்கு மணிக்கூண்டு பக்கம் நின்ற மற்ற 18 பேரில் யாராவது இதைப் படித்தால் எனக்குத் தகவல் அனுப்புங்கள். சிவப்புத் துப்பட்டா போட்ட கல்லூரிப் பெண்கள் மூன்று பேர், அம்பத்தூரிலிருந்து வந்த தம்பதி, உங்கள் முகம் எனக்கு நினைவிருக்கிறது. நீங்கள் கட்டிய ரசீதும் சேர்ந்தால் புகார் வலுவாகும். பணம் கொடுக்காமல் போன அந்த ஆறு பேரிடம் அப்பா எதையும் எதிர்பார்க்கவில்லை, தயங்காமல் வாருங்கள்.